குழாய்க்குள் பிறக்கும் காற்று

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் பக்கம் காலையில் நடந்தால் வீட்டுக்கு வீடு தறி ஓடும் சத்தம் கேட்கும். அந்தத் தெருக்களின் முனையில் எங்காவது ஓர் இஸ்திரி வண்டி நிற்கும். நெசவாளர் தறிக்குழியில் இறங்கி உட்காரும் நேரமும், இஸ்திரிக்காரர் பெட்டியைத் திறந்து நேற்றைய சாம்பலைத் தட்டிக் கொட்டும் நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். பெட்டியின் அடியில் கொஞ்சம் காகிதம், நாலைந்து கொட்டாங்குச்சிச் சில்லு, அவற்றுக்கு மேல் அடுப்புக்கரி. தீக்குச்சி கிழித்துப் போட்ட பிறகும் வெகுநேரம் ஒரு சட்டையைக்கூடத் தேய்க்க முடியாது. விசிறுவார், ஊதுவார், பெட்டியைக் கைப்பிடியில் தூக்கி முன்னும் பின்னும் ஆட்டுவார். முதலில் வெள்ளைப் புகை வரும். பிறகு சடசடவென்று பொறி பறக்கும். அதற்கும் பிறகுதான் ஏதோ ஒரு துண்டின் ஓரத்தில் சிவப்பு தெரியும்.

எரிவதற்கென்றே தயாரான பொருள் பற்றிக்கொள்ள ஏன் இத்தனை நேரம் எடுத்துக்கொள்கிறது? கோழியும் மீனும் சுட்டுத் தின்னும் பார்பிக்யூ அடுப்புக்காரர்களும் இதே கேள்வியில்தான் மாட்டிக்கொண்டார்கள். அவர்கள் கண்ட தீர்வு மிக எளியது: இரண்டு பக்கமும் திறந்த ஒரு தகரக் குழாய். ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரம். உள்ளே அடிப்பக்கமாக ஒரு கம்பித் தட்டு, அதற்குக் கீழே சுற்றிலும் ஓட்டைகள், பிடித்துத் தூக்க ஒரு கைப்பிடி. தட்டின் மேல் கரி, கீழே கசக்கிய செய்தித்தாள். காகிதத்தில் நெருப்பு வைத்துவிட்டு விலகி நின்றால் போதும். விசிற வேண்டாம், ஊத வேண்டாம், மண்ணெண்ணெய் வேண்டாம். பதினைந்து இருபது நிமிடத்தில் குழாய் நிறையத் தணல் இருக்கும். இதற்கு சிம்னி ஸ்டார்ட்டர் என்று பெயர். நம் ஊரில் இதை இந்த வடிவத்தில் அதிகம் பார்க்க முடியாது என்றாலும், இதன் நெருங்கிய உறவினர் ஒவ்வொரு டீக்கடையிலும் நெடுங்காலம் நின்றிருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் கரி.

விறகு எரிவதைப் பார்க்கும்போது நாம் பார்ப்பது பெரும்பாலும் மரம் எரிவதை அன்று. மரம் சூடானதும் அதிலிருந்து ஆவிகள் வெளியேறுகின்றன. சுவாலையாக ஆடுவது அந்த ஆவிகள்தான். அவை எளிதில் பற்றக்கூடியவை. அதனால்தான் காய்ந்த சுள்ளிக்கு ஒரு தீக்குச்சி போதும். கரியில் அந்த ஆவிகள் அநேகமாக இல்லை. இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கங்களில் சீமைக் கருவேல மரத்தை வெட்டி அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, காற்று உள்ளே போகாமல் நாள்கணக்கில் புகைய விடுகிறார்கள். இதுதான் கரிமூட்டம். 400, 500 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் மரத்தின் ஈரமும் எண்ணெய்ப் பசையும் ஆவிகளும் மூட்டத்தின் புகைவாய் வழியாகப் போய்விடுகின்றன. போட்ட மரத்தின் எடையில் நாலில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோ கரியாக மிஞ்சும். அதில் முக்கால் பங்குக்கு மேல் தனிக் கார்பன்.

ஆக, கரி என்பது முன்பே ஒருமுறை நெருப்பைப் பார்த்துவிட்ட மரம். சுலபமாகப் பற்றும் பகுதி எல்லாம் போய்விட்டது. பிடிவாதமான பகுதிதான் நம் கைக்கு வருகிறது. ஆனால் பிடித்துவிட்டால் அதன் வீரியம் வேறு. ஒரு கிலோ நல்ல கரியில் சுமார் 7,000 கிலோ கலோரி வெப்பம் இருக்கிறது. சிறிதும் வீணாகாமல் அத்தனையையும் பிடித்துவைக்க முடிந்தால், அறை வெப்பத்தில் இருக்கும் 100 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோய்விடலாம். காய்ந்த விறகில் இதில் பாதியை ஒட்டித்தான் கிடைக்கும்.

அது மட்டும் அன்று, கரி தரும் நெருப்பின் குணமே வேறு. வரதராசப் பெருமாள் கோயிலின் இட்லிக்கு மாவை மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் ஊற்றி மணிக்கணக்கில் ஆவியில் வேகவைக்கிறார்கள். அதற்கு விறகின் நீண்ட சுவாலை பொருத்தம். பாத்திரத்தின் அடியைத் தழுவிக்கொண்டு போகும். சாயப்பட்டறையில் பட்டு நூல் முக்கும் அண்டாவுக்கு அடியிலும் விறகுதான். கரியில் சுவாலை குறைவு, புகை குறைவு. வெப்பம் நேராக, கண்ணுக்குத் தெரியாத கதிராக வெளியே பாய்கிறது. இஸ்திரிப் பெட்டிக்குள்ளும், தட்டானின் உலையிலும், சாம்பிராணி போடும் தூபக்காலிலும், இறைச்சி சுடும் கம்பிக்கு அடியிலும் வேண்டியது இந்த நெருப்புதான். பட்டுச் சேலைக்குப் பக்கத்தில் புகை அடிக்கும் அடுப்பை யார் வைப்பார்கள்?

ஆவி இல்லாத கார்பன் எப்படி எரிகிறது? காற்றில் இருக்கும் ஆக்சிசன் கரியின் மேற்பரப்புக்கு வந்து முட்டி, அங்கேயே கார்பனோடு சேர்கிறது. அதனால்தான் கரி நெருப்பு துண்டின் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. மெழுகுவர்த்தியை ஊதினால் அணைகிறது, தணலை ஊதினால் சிவக்கிறது என்பதைக் குழந்தைப் பருவத்திலிருந்து பார்த்து வந்திருக்கிறோம். காரணம் இதுதான். மெழுகுவர்த்தியில் எரிவது திரிக்கு மேலே மிதக்கும் ஆவி. ஊதினால் அது திரியைவிட்டுப் பறந்துவிடும். கரியிலிருந்து எதையும் அப்படிப் பிய்த்துக்கொண்டு போக முடியாது. மாறாக, கரியைச் சுற்றி ஆக்சிசன் தீர்ந்துபோன ஒரு மெல்லிய காற்றுப் படலம் எப்போதும் போர்த்திக்கொண்டு நிற்கும். ஊதும்போது அது கலைந்து, புதுக்காற்று நேராகப் பரப்பைத் தொடுகிறது. நாம் ஊதும் மூச்சில் ஆக்சிசன் வெளிக்காற்றில் இருப்பதைவிடக் குறைவு. இருந்தும் தணல் சிவக்கிறது என்றால், அந்தப் படலம் எவ்வளவு பெரிய தடை என்று தெரிகிறது.

1860-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் ஃபாரடே சிறுவர்களுக்காக மெழுகுவர்த்தியைப் பற்றித் தொடர்ந்து ஆறு சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அவற்றில் கரித்துண்டையும் ஆக்சிசனில் எரித்துக் காட்டினார். கார்பன் எரிந்து உண்டாவது வாயுவாகையால் அது தானே விலகிப் போய்விடுகிறது என்பதை அவர் அழுத்திச் சொன்னார். ஈயத் தூளையும் எரித்துக் காட்டினார். அதில் உண்டாவது திடப் பொருள், இடத்தைவிட்டு நகராமல் அங்கேயே அடைத்துக்கொள்ளும். கார்பனும் அப்படி இருந்திருந்தால் ஒவ்வொரு கரித்துண்டும் தன்மேல் ஓர் ஓடு கட்டிக்கொண்டு அணைந்திருக்கும். நாம் அடுப்பு மூட்டியிருக்கவே முடியாது. கரியில் மிஞ்சுவது மரம் மண்ணிலிருந்து உறிஞ்சிய சுண்ணாம்பும் சாம்பலுப்பும் போன்ற சிறிதளவு தாதுக்கள். அந்தக் கொஞ்சம் சாம்பலே போர்வையாகி நெருப்பை மந்தப்படுத்துவதால்தான் இஸ்திரிக்காரர் அவ்வப்போது பெட்டியைத் தட்டி உலுக்குகிறார்.

எவ்வளவு காற்று வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும். 12 கிராம் கார்பன் முழுதாக எரிய 32 கிராம் ஆக்சிசன் வேண்டும். ஒரு கிலோ கரியில் 850 கிராம் கார்பன் என்று கொண்டால் ஆக்சிசன் மட்டும் 2 கிலோவுக்கு மேல். காற்றில் எடைப்படி நாலில் ஒரு பங்குகூட ஆக்சிசன் இல்லை. ஆகவே காற்றாகக் கணக்கிட்டால் பத்து கிலோவை நெருங்கும். கன அளவில் சுமார் 8 கன மீட்டர். பத்தடிக்குப் பத்தடி அறை, பத்தடி உயரக் கூரை என்றால், அந்த அறைக் காற்றில் கால் பங்குக்கு மேல் ஒரு கிலோ கரிக்கே போய்விடும். ஒரு கிலோ கருப்புத் துண்டுகள் தங்களைப் போல் பத்து மடங்கு எடையுள்ள காற்றை விழுங்கினால்தான் முழுதாக எரியும். யார் கொண்டுவந்து கொடுப்பது அத்தனை காற்றை?

விசிறி கொடுக்கும். பாட்டிமார் குமுட்டி அடுப்பின் வாய்க்கு எதிரே குந்தி உட்கார்ந்து பனையோலை விசிறியால் அடித்ததும், கண் எரிய எரிய ஊதுகுழலில் ஊதியதும், கொல்லன் துருத்தி மிதித்ததும் இதற்காகத்தான். அந்த உழைப்பில் பெரும்பகுதி ஒரே ஒரு காரியத்துக்குச் செலவானது: காற்றை நகர்த்துவது. குழாய் அந்தக் காரியத்தை யாருடைய கையும் படாமல் செய்துவிடுகிறது.

எப்படி என்று பார்க்கலாம். குழாயின் அடியில் காகிதம் எரிந்ததும் உள்ளே இருக்கும் காற்று சூடாகி விரிகிறது. விரிந்தால் அடர்த்தி குறையும். காஞ்சிபுரத்து வெயில் நாளில், 30 டிகிரியில், ஒரு கன மீட்டர் காற்றின் எடை 1.16 கிலோ. அதையே 600 டிகிரிக்குச் சூடாக்கினால் 400 கிராம் அளவுக்கு இறங்கிவிடும். குழாய்க்குள் அந்த இலேசான காற்று ஒரு தூணாக நிற்கிறது. குழாய்க்கு வெளியே அதே உயரத்துக்குக் கனத்த காற்றுத் தூண் நிற்கிறது. இரண்டும் அடியில் உள்ள ஓட்டைகள் வழியாக ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. தராசின் இரு தட்டுகளில் வைத்ததுபோலத்தான்: கனத்த பக்கம் கீழே இறங்கும், இலேசான பக்கம் மேலே போகும். வெளிக்காற்று அடி ஓட்டைகளில் நுழைந்து சூடான காற்றை மேலே தள்ளுகிறது. நுழைந்த காற்றும் கரியைத் தொட்டு எரிய வைத்துத் தானும் சூடாகிறது. அதையும் பின்னால் வரும் காற்று தள்ளுகிறது. நெருப்பு இருக்கும்வரை இது நிற்காது.

புகைபோக்கி புகையை இழுக்கிறது என்றே நாம் எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் குழாய்க்கு இழுக்கும் சக்தி எதுவும் இல்லை. அமெரிக்காவின் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1785-இல் கப்பலில் ஊர் திரும்பும்போது, வீட்டுக்குள் புகை கக்கும் புகைபோக்கிகளைப் பற்றி ஒரு நீண்ட கடிதம் எழுதினார். புகை இயல்பில் இலேசானது அன்று, சூடான காற்றோடு கூடிக்கொண்டுதான் மேலே போகிறது. வெளியிலிருந்து கனத்த காற்று உள்ளே வரும் வழியை அடைத்துவிட்டால் எந்தப் புகைபோக்கியும் வேலை செய்யாது என்று அதில் விளக்கினார். கதவையும் சன்னலையும் இறுக்கச் சாத்திய அறைகளில்தான் புகை திரும்பி வந்தது. கரிக் குழாய்க்கும் இதே விதிதான். சிமென்ட் தரையில் அடி ஓட்டைகள் மூடும்படி உட்கார வைத்துவிட்டு, பற்றவில்லை என்று நொந்துகொள்வதில் பயன் இல்லை.

இந்தத் தள்ளுதல் எவ்வளவு பலமானது? ஓர் அடி உயரக் குழாயில், உள்ளே 600 டிகிரி என்றால், இரு தூண்களுக்கும் உள்ள அழுத்த வேறுபாடு 2 பாஸ்கலை ஒட்டி வருகிறது. நம்மைச் சுற்றிய காற்றின் அழுத்தம் ஒரு லட்சம் பாஸ்கல். அதாவது ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. தண்ணீர் மட்டமாகச் சொன்னால் ஒரு மில்லிமீட்டரில் கால் பங்குகூட இல்லை. ஒரு குழந்தை ஊதும் மூச்சு இதைவிடப் பல மடங்கு பலமுள்ளது. ஆனால் குழந்தைக்கு மூச்சு வாங்கும்; குழாய்க்கு வாங்காது. அந்த 2 பாஸ்கல் ஒரு நொடியும் ஓயாமல் தள்ளுகிறது. தடையே இல்லாத குழாயாக இருந்தால், இத்தனை சிறிய வேறுபாடுகூட உள்ளே இருக்கும் சூடான காற்றை நொடிக்கு மூன்று மீட்டர் வேகத்தில் ஓட வைக்கும். கரித்துண்டுகள் குறுக்கே நிற்பதால் வேகம் குறையும்; ஆனாலும் ஒவ்வொரு துண்டின் இடுக்கிலும் காற்று நுழைந்தே தீரும்.

இதில் ஓர் அழகு இருக்கிறது. நெருப்பு வலுத்தால் உள்காற்று இன்னும் சூடாகும், இன்னும் இலேசாகும், தள்ளுதல் கூடும், காற்று அதிகம் வரும், நெருப்பு மேலும் வலுக்கும். நெருப்பு தனக்கு வேண்டிய காற்றைத் தானே வரவழைத்துக்கொள்கிறது. குழாய் செய்வது அந்தச் சூடான காற்றைப் பக்கவாட்டில் சிதறவிடாமல் ஒரே தூணாக நிறுத்தி வைப்பது மட்டும்தான். தரையில் குவித்த கரியிலும் சூடான காற்று மேலே போகத்தான் செய்கிறது. ஆனால் அங்கே நாலாபுறத்துக் குளிர்ந்த காற்றும் வந்து கலந்து, தூண் உருவாகும் முன்பே கரைந்துவிடுகிறது.

குழாயின் உயரத்தை இரட்டித்தால் தள்ளும் அழுத்தமும் இரட்டிக்கும். காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் சாலையில் போகும்போது வானத்தில் தனியாக எழுந்து நிற்கும் செங்கல் சூளைப் புகைபோக்கிகளைப் பார்த்திருப்பீர்கள். சேம்பர் செங்கல் வரும் அந்தச் சூளைகளில் எங்கும் துருத்தி கிடையாது. கிட்டத்தட்ட முப்பது மீட்டர் உயரப் புகைபோக்கி ஒன்றுதான், நீள நீளமாக அடுக்கிய பச்சைச் செங்கல் வரிசைகளுக்கு ஊடே காற்றை ஓட்டிக்கொண்டுபோகிறது. டபிள்யூ. புல் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1876-இல் இந்தியாவில் கொண்டுவந்த சூளை முறையிலிருந்து வளர்ந்தது அது. ஓர் அடிக் குழாயில் நடப்பதும் அங்கே நடப்பதும் ஒன்றுதான்.

இப்போது டீக்கடைக்கு வரலாம். பித்தளையிலோ செம்பிலோ செய்து, திருநீறு பூசிப் பளபளவென்று நிற்கும் பழைய பாய்லரை உள்ளே பார்த்தவர்கள் குறைவு. அதன் வயிற்றுக்குள் மேலிருந்து கீழாக ஒரு குழாய் ஓடுகிறது. குழாயின் அடியில் கம்பித் தட்டு, அதன்கீழ் சாம்பல் விழும் இடம். மாஸ்டர் மேல் வாய் வழியாகக் கரியைப் போடுவார். குழாயைச் சுற்றிலும் தண்ணீர். கரி எரிய எரியக் காற்று அடியில் நுழைந்து மேலே போகும். வெப்பம் குழாயின் சுவர் வழியாகத் தண்ணீருக்கு இறங்கும். உருசியாவின் சமோவாரும் இதே அமைப்புதான். அங்கே நெருப்பு மூட்டும் நேரத்தில் மட்டும் குழாயின் தலையில் இன்னொரு துண்டுக் குழாயைச் செருகி உயரம் கூட்டுவார்கள்; கரி பிடித்ததும் கழற்றிவிடுவார்கள். குளியல் வெந்நீருக்கு வைத்திருந்த செம்பு பாய்லரும் அப்படியே. அமெரிக்கப் பார்பிக்யூக்காரர் கடையில் வாங்கும் குழாயைப் பார்த்தால், தண்ணீர்த் தொட்டி இல்லாத டீக்கடை பாய்லர் என்றே நான் சொல்வேன். நம் வீட்டு முற்றத்திலேயே இருந்த அறிவு அது. இஸ்திரி வண்டிக்கு மட்டும் ஏன் அது வரவில்லை என்பது எனக்கு நிஜமாகவே வருத்தம் தரும் விஷயம்.

காற்று பாதிக் கதை. மீதிப் பாதி, கரித்துண்டுகள் ஒன்றையொன்று எப்படிக் காப்பாற்றுகின்றன என்பது. தணலாக எரியும் ஒரு துண்டை இடுக்கியால் எடுத்துத் தரையில் தனியே வைத்துப் பாருங்கள். சில நிமிடத்தில் கருத்துவிடும். காற்று தாராளமாக இருக்கிறது, கரியும் தீரவில்லை. ஆனாலும் அணைகிறது. 700 டிகிரியில் கனலும் பரப்பு ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 5 வாட் வெப்பத்தைக் கதிராகக் கொட்டிக்கொண்டிருக்கிறது. உச்சி வெயில் அதே பரப்பில் தருவதைப் போல் இது ஐம்பது மடங்கு. தனித்துண்டு இத்தனையையும் திறந்த வெளிக்கு இழக்கிறது. அந்த இழப்பை ஈடுகட்டும் வேகத்தில் அதனால் எரிய முடியவில்லை. வெப்பம் குறைகிறது, எரிதல் மேலும் தளர்கிறது, அணைகிறது.

குழாய்க்குள் ஒரு துண்டு எந்தப் பக்கம் பார்த்தாலும் இன்னொரு துண்டுதான் தெரியும். தான் வீசும் கதிரைப் பக்கத்துத் துண்டு வாங்கிக்கொள்கிறது, அது வீசுவதை இது வாங்கிக்கொள்கிறது. விளிம்பில் இருப்பவற்றுக்குத் தகரச் சுவர் இருக்கிறது. அதுவும் சூடேறி உள்நோக்கித் திருப்பி வீசும். கதிர்வீச்சு வெப்பநிலையின் நான்காம் படியில் கூடுவது என்பதால் இந்தப் பரிமாற்றம் சூடு ஏற ஏறப் பிரமாண்டமாகப் பெருகும். கீழ் வரிசை பிடித்துவிட்டால், அதன் வழியாக எழும் சூடான வாயு மேல் வரிசையின் ஈரத்தைப் போக்கி, பற்றும் நிலைக்குக் கொண்டுவந்து வைத்துவிடுகிறது. நெருப்பு அங்கே ஏறிச் சேரும் முன்பே மேல் கரி தயாராக நிற்கும். ஆகவேதான் கீழிருந்து மூட்ட வேண்டும். கரியின் இன்னொரு குணமும் கைகொடுக்கிறது. அது வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும். ஒரு முனை கனலும்போது மறுமுனையைக் கையால் பிடிக்கலாம். விழுந்த வெப்பம் துண்டு முழுக்கப் பரவி நீர்த்துப் போகாமல் ஒரு மூலையிலேயே தேங்குவதால், அந்த மூலை சீக்கிரம் பற்றும் வெப்பத்தை எட்டிவிடுகிறது.

சிவப்பு எப்போது தெரியும்? 1847-இல் ஜான் வில்லியம் டிரேப்பர் என்ற அறிவியலாளர், இரும்போ கல்லோ கரியோ எதுவானாலும் திடப்பொருள்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில்தான் மங்கலாக ஒளிரத் தொடங்குகின்றன என்று கண்டார். அது சுமார் 525 டிகிரி. பெட்டிக்குள் முதல் சிவப்பைப் பார்க்கும் இஸ்திரிக்காரர் ஒரு வெப்பமானியைப் படிக்கிறார். இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று நிறம் ஏறினால் ஆயிரத்தைத் தாண்டிப் போகிறது என்று பொருள்.

நன்றாகப் பிடித்த குழாயின் வாயில், இருட்டில் பார்த்தால், மெல்லிய நீலச் சுவாலை ஆடும். கரிக்கு ஆவி இல்லை என்றேனே, பிறகு சுவாலை எங்கிருந்து வந்தது? அடியில் நுழைந்த காற்று கீழ்க்கரியோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடு ஆகிறது. அந்த வாயு மேலே ஏறும்போது செக்கச்சிவந்த கரிகளுக்கு நடுவே போயாக வேண்டும். அங்கே ஆக்சிசன் தீர்ந்துபோய்விட்டது, கார்பனோ நிறைய. கார்பன் டை ஆக்சைடு தன்னிடம் உள்ள ஆக்சிசனில் பாதியை மேல் கரிக்குக் கொடுத்துவிட, இரண்டும் கார்பன் மோனாக்சைடு ஆகிவிடுகின்றன. அது எரியக்கூடிய வாயு. குழாயின் வாயில் புதுக்காற்றைச் சந்தித்ததும் நீலமாக எரிகிறது.

இந்த வாயு நமக்கு நாகரிகம் தந்த வாயு. நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் அகழாய்வாளர்கள் தோண்டி எடுத்த இரும்பு உலைகளில், தாதுக் கல்லிலிருந்து ஆக்சிசனைப் பிடுங்கி இரும்பைத் தனியாக்கியது பெரும்பாலும் இதுதான். கரி அங்கே வெப்பத்துக்கு மட்டும் இல்லை. தாதுவோடு வேதிவேலை செய்யவும் வேண்டியிருந்தது. விறகை மட்டும் எரித்து அந்த இரும்பை எடுத்திருக்க முடியாது.

இதே வாயு கொல்லவும் செய்யும். நிறம் இல்லை, மணம் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். கரி நெருப்பில் புகை இல்லை என்பதால் ஆபத்தும் இல்லை என்று நினைப்பதுதான் மிகப் பெரிய தவறு. கொடைக்கானல் போன்ற மலையூர்களில், குளிருக்காகப் பார்பிக்யூ அடுப்பை அறைக்குள் கொண்டுபோய் வைத்துக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை. சாம்பல் பூத்து அடங்கிய தணல்கூட இந்த வாயுவை விட்டுக்கொண்டேதான் இருக்கும். கரியை மூட்டுவதும் எரிப்பதும் திறந்த வெளியில்தான். மழைக்காக வராந்தாவுக்குள் நகர்த்துவதுகூட வேண்டாம்.

இஸ்திரிக்காரருக்கு இந்த வாயு அன்றாடம். நாள் முழுக்க ஐந்தாறு கிலோ எடையுள்ள பெட்டியின் மேல் குனிந்தே நிற்கிறார். திருவண்ணாமலையில் பள்ளி மாணவியாக இருந்தபோது வினிஷா உமாசங்கர், தெருவில் இஸ்திரி வண்டிக்காரர் அணைந்த கரியைக் கொட்டுவதைப் பார்த்துச் சூரிய ஒளியில் ஓடும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். 2020-இல் சுவீடனின் குழந்தைகளுக்கான காலநிலை விருது அவருக்குக் கிடைத்தது. 2021-இல் கிளாஸ்கோவில் நடந்த காலநிலை மாநாட்டில் பேசினார். எரிவாயுவில் ஓடும் இஸ்திரிப் பெட்டிகளும் தமிழ்நாட்டில் பரவி வருகின்றன. இவை நல்லவை, விரைவில் எல்லாத் தெருக்களுக்கும் வரவேண்டியவை. அதுவரை கரியை நம்பி நிற்பவர்களுக்கு, மூட்டும் நேரத்துப் புகையையாவது குறைக்க ஒரு குழாய் உதவும். பற்றியும் பற்றாமலும் இருக்கும் நேரத்தில்தான் கரி அதிகம் புகைகிறது.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தை. பழைய எண்ணெய் டின் அல்லது பெரிய பெயின்ட் டின் போதும். பெயின்ட் டின் என்றால் உள்ளே ஒட்டிய பெயின்ட் எல்லாம் எரிந்து தீரும்வரை ஒருமுறை வெறும் விறகில் சுட்டுவிட வேண்டும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு கூடாது. துத்தநாகம் 420 டிகிரியில் உருகி, 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும். அந்தப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். இரு பக்கமும் வெட்டி, அடியிலிருந்து நாலு விரல் உயரத்தில் கம்பிகளைக் குறுக்கே செருகி, அதற்குக் கீழே சுற்றிலும் தாராளமாக ஓட்டை போடுங்கள். மூன்று செங்கல்லின் மேல் நிறுத்துங்கள். கரித்துண்டுகள் எலுமிச்சம்பழ அளவில் இருக்கட்டும். தூளாக இருந்தால் இடுக்குகள் அடைபடும். 2 பாஸ்கல் அந்த அடைப்பை வெல்லாது. காகிதத்தில் பழைய எண்ணெய் ஒரு சொட்டுத் தடவினால் அது திரிபோல நின்று எரியும். மழைக்காலக் கரி என்றால் ஒருநாள் வெயிலில் காயவையுங்கள். கரியின் நுண்துளைகளில் புகுந்த ஈரம் ஆவியாகி வெடிப்பதால்தான் அந்தச் சடசடப்பும் பொறியும்.

மேல்வரிசைக் கரியின் விளிம்பில் சாம்பல் பூத்ததும் கொட்டிவிடலாம். தடித்த கையுறை போட்டுக்கொண்டு, உடம்பைவிட்டு எட்டத்தில் சாய்த்துக் கொட்டுங்கள். காலிக் குழாய் கைபொறுக்கும் சூட்டுக்கு வர நெடுநேரம் ஆகும். பிள்ளைகள் நடமாடும் இடத்தில் வைக்காதீர்கள். சமையல் முடிந்து மிஞ்சிய தணல்மேல் தண்ணீர் தெளிக்க வேண்டாம். மூடியுள்ள இரும்புச் சட்டியில் போட்டு வெளியிலேயே வைத்து மூடினால், காற்று இல்லாமல் தானே அணையும். அந்தப் பாதி எரிந்த கரியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஈரமும் மிச்சமீதி எண்ணெய்ப் பசையும் போய், வெடிப்பு விட்டு நிற்பதால் புதுக்கரியைவிட அது சீக்கிரம் பிடிக்கும். அடுத்தமுறை குழாயின் அடிவரிசையில் அதைப் போட்டு, புதுக்கரியை மேலே நிரப்புங்கள்.